76383-ஆம் எண் மீட்டர் ஏன் பின்னோக்கி ஓடியது?

தையல் கூடம் நடத்தும் ஒரு பெண்மணி, தினமும் காலையில் கடையைத் திறந்ததும் மின் மீட்டரைப் பார்த்து, அதில் தெரியும் எண்ணை ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். 482.1, 485.0, 488.2, 490.1. நான்கு நாள், நான்கு வரி. அதே நான்கு நாட்களுக்கு எங்கள் மென்பொருள் பதிந்துவைத்த எண்கள் வேறு: 763.73, 764.04, 764.68, 764.02. முதல் மூன்றும் ஏறுகின்றன, நான்காவது இறங்குகிறது. யூனிட் கணக்கு ஏறத்தான் செய்யும். இறங்க வழியே இல்லை.

"சார், அந்த அம்மா கையால் எழுதியதும் உங்கள் கணினி சொல்வதும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் பொய் சொல்கிறவர் இல்லை. நீங்களே வந்து பாருங்கள்" என்று வளாகத்தின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னார். இந்த ஆய்வு அந்த அழைப்பிலிருந்து தொடங்குகிறது.

பின்னணி சுருக்கமாக இதுதான். நாற்பது சிறு பட்டறைகள் உள்ள ஒரு வளாகம். வெளியிலிருந்து வரும் மின் இணைப்பு ஒன்று. உள்ளே ஒவ்வொரு பட்டறைக்கும் துணை மீட்டர். எல்லா மீட்டர்களும் ஆர்எஸ்-485 என்ற தரவுக் கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. மூலையில் ஒரு பழைய பென்டியம் கணினி, 32 பிட் லினக்ஸ், சி மொழியில் எழுதிய நிரல். ஏழு ஆண்டுகள் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 2010-இல் அந்தக் கணினியை எடுத்துவிட்டு, கையடக்கமான ஒரு பலகையை வைத்தோம். அதில் இருந்தது ஆர்ம்926 வகைச் செயலி. ஆர்ம் கட்டளைத் தொகுதியின் ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தது. நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அதே மூலநிரலை ஆர்முக்கான ஜிசிசி கம்பைலரில் (மூலநிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கருவி) கொடுத்தோம். ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்தது. அதையே ஒரு நற்சான்றாக எடுத்துக்கொண்டோம். எங்கள் முதல் தவறு அது.

தவறான திசையில் இரண்டு நாள்

போய்ப் பார்த்தபோது பிழை எல்லா மீட்டரிலும் இல்லை. மும்முனை மீட்டர்கள் அனைத்தும் சரி. ஒருமுனை மீட்டர்கள் அனைத்தும் தவறு. இப்படி ஒரு பிரிவினை கண்ணில் பட்டால் எவருக்கும் மீட்டர் மீதுதான் சந்தேகம் வரும். இரண்டும் வேறு வேறு மாதிரிகள். ஒருமுனை மீட்டரின் உள் மென்பொருளில் கோளாறு என்று நினைத்தோம். கம்பியை மாற்றினோம், முனைத் தடையை மாற்றினோம், வேகத்தைக் குறைத்தோம். எண்கள் அசையவில்லை.

உண்மையில், தொடக்கத்திலேயே கையில் இருந்த ஒரு தடயத்தை நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தோம். மீட்டர் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டின் முடிவிலும் சிஆர்சி சரிபார்ப்பு எண் இருக்கிறது. அது ஒருமுறைகூடத் தவறவில்லை. அப்படியென்றால் பைட்டுகள் கம்பியில் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டன. கெட்டது வந்து சேர்ந்த பிறகுதான். கம்பியைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

அலுவலகத்துச் சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. இரண்டு காரணங்கள். எங்கள் மேசையில் இருந்த மாதிரி மீட்டர் மும்முனை. ஒருமுனைப் பாக்கெட்டுகளைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து, கணினியில் கியூஎமு என்ற போலிச் செயலிக்குள் ஓட்டிப் பார்த்திருந்தோம்; எல்லாம் தேறின. கியூஎமு அந்நாளில் ஆர்ம் கட்டளைகளை மொழிபெயர்த்து இன்டெல் செயலியிலேயே ஓட்டியது. ஒழுங்கற்ற, அதாவது நான்கால் வகுபடாத, முகவரியிலிருந்து படிக்கும்போது பழைய ஆர்ம் சிப் காட்டும் விசித்திரத்தை அது நடித்துக் காட்டவில்லை. போலியில் தேறியது, நிஜத்தில் தோற்றது.

இரைச்சல் வந்தபோது வந்த சரியான எண்

முடிச்சை அவிழ்த்தது பதிவேட்டின் ஒரே ஒரு வரி. மூன்றாம் நாள் காலையில் 764-களுக்கு நடுவே தன்னந்தனியாக 488.20 என்ற எண் இருந்தது. அதன் பக்கத்தில் எங்கள் நிரலே "இயல்பற்ற சரிவு, ஒதுக்கப்பட்டது" என்று குறித்திருந்தது. நோட்டைப் புரட்டினால் அன்றைக்கு அந்த அம்மா எழுதியது 488.2. அதாவது, வந்த ஒரே சரியான எண்ணைத்தான் நிரல் தவறென்று தள்ளியிருந்தது.

அந்த வரியின் மூல பைட்டுகளைப் பார்த்தேன். பாக்கெட் தொடங்கும் முன் ஒரு குப்பை பைட் வந்திருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் பெரிய மோட்டார் கிளம்பும்போது கம்பியில் இப்படி ஒரு பைட் உதிர்வது வழக்கம். நிரல் அதைத் தாண்டிப் போய், தொடக்கக் குறியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆக, பாக்கெட் முழுவதும் ஒரு பைட் தள்ளி உட்கார்ந்தபோது எண் சரியாக வருகிறது. ஒழுங்காக உட்கார்ந்தால் தவறாக வருகிறது. அந்தக் கணத்தில்தான் மீட்டரையும் கம்பியையும் விட்டுவிட்டு நினைவக முகவரிப் பக்கம் திரும்பினேன்.

பாக்கெட்டின் அமைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒருமுனை மீட்டரில் முதல் மூன்று பைட்டுகள் தலைப்பு: தொடக்கக் குறி, நீளம், வகை. அடுத்த நான்கு பைட்டுகள் மீட்டர் எண். அதற்கடுத்த நான்கு, ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு அளவில் எண்ணப்பட்ட ரீடிங். பிறகு சிஆர்சி. மும்முனை மீட்டரில் தலைப்பில் கூடுதலாக ஒரு நிலை பைட் உண்டு. சுழியத்திலிருந்து எண்ணினால் ஒருமுனையில் ரீடிங் தொடங்குவது 7-ஆம் இடத்தில், மும்முனையில் 8-ஆம் இடத்தில். பாக்கெட் வந்து விழும் இடத்தை, நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மால்லாக் என்ற செயற்கூறு கொடுக்கிறது. 32 பிட் லினக்ஸில் அது 8-ஆல் வகுபடும் முகவரியையே கொடுக்கும். ஆகவே மும்முனை ரீடிங்கின் முகவரி நான்கால் வகுபடுகிறது. ஒருமுனையில் மூன்று மீதி. ஒரு குப்பை பைட் முன்னால் சேர்ந்தால் 7 என்பது 8 ஆகிவிடுகிறது, ஒருமுனையும் வகுபட்டுவிடுகிறது. எல்லாம் பொருந்தியது.

இனி கணக்கு. தையல் கூடத்து மீட்டரின் எண் 76383. இதை நான்கு பைட்டாக, மதிப்பு குறைந்த பைட் முதலாக எழுதினால் 95, 42, 1, 0. 95-உடன் 42 முறை 256-ஐயும், ஒரு 65536-ஐயும் கூட்டிப் பாருங்கள். ரீடிங் 482.13, அதாவது 48213; பைட்டுகள் 85, 188, 0, 0. பாக்கெட்டில் 3-ஆம் இடம் முதல் 10-ஆம் இடம் வரை இவை இப்படி நிற்கின்றன:

95, 42, 1, 0, 85, 188, 0, 0

7-ஆம் இடத்திலிருந்து நான்கு பைட்டைத் தா என்று நிரல் கேட்கிறது. ஆர்ம் ஐந்தாம் பதிப்பில் நினைவகத்திலிருந்து படிக்கும் எல்டிஆர் கட்டளை, முகவரியின் கடைசி இரண்டு பிட்டுகளைத் தள்ளிவிட்டு, 4 முதல் 7 வரை உள்ள பெட்டியை எடுக்கிறது: 42, 1, 0, 85. பிறகு, கேட்ட பைட் கீழ்முனைக்கு வரும்படி அந்த நான்கையும் வட்டமாகச் சுழற்றுகிறது: 85, 42, 1, 0. இதன் மதிப்பு 76373.

திரையில் வந்த 763.73 இதுதான். கீழ் பைட் மட்டும் ரீடிங்கினுடையது. மேல் மூன்று பைட்டுகளும் மீட்டர் எண்ணினுடையவை. 76383 என்ற எண்ணுள்ள மீட்டர் 76373 என்று காட்டுகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டு நாள் எங்கள் கண்ணில் படவில்லை. இந்த மீட்டர் எவ்வளவு ஓடினாலும் திரையில் 762.88-க்கும் 765.43-க்கும் நடுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். 2.56 யூனிட் ஓடியதும் எண் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். அதுதான் "பின்னோக்கி ஓடிய" மீட்டர்.

மீட்டர் எண் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அதுவும் 3-ஆம் இடத்தில், ஒழுங்கற்ற முகவரியில்தானே இருக்கிறது? நிரலில் இரண்டு பேர் கைவரிசை இருந்தது. மீட்டர் எண்ணை எடுத்தவர் மெம்காப்பி என்ற செயற்கூறால் பைட்டுகளை நகலெடுத்திருந்தார். ரீடிங்கை எடுத்தவர் பைட் பாயின்டரை, அதாவது பைட்டின் முகவரியை வைத்திருக்கும் மாறியை, 32 பிட் எண்ணின் பாயின்டராக மாற்றி, நேராகப் படித்திருந்தார். இன்டெல்லில் இரண்டும் ஒன்றுபோலவே இயங்கும். அதனால் வித்தியாசம் ஏழு ஆண்டுகள் தெரியவில்லை.

யார் சொன்ன பொய்?

நினைவகத்தை நாம் பைட் பைட்டாக எண்ணினாலும், 32 பிட் செயலி நான்கு பைட்டை ஒரே மூச்சில் எடுக்கும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. 0, 4, 8, 12 என்று நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்கினால் ஒரே எடுப்பு. 7-இல் தொடங்கினால் ஒரு பெட்டியிலிருந்து ஒரு பைட், அடுத்த பெட்டியிலிருந்து மூன்று. இரண்டு எடுப்பு, பிறகு ஒட்டுவேலை. இப்படி எண்கள் தம் அளவுக்கேற்ற முகவரியில் உட்கார்ந்திருப்பதைத்தான் அலைன்மென்ட் என்கிறோம்.

ஒழுங்கு தவறினால் என்ன செய்வது என்பதில் செயலிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. இன்டெல் செயலிகள் ஒட்டுவேலையைத் தாமே செய்துகொள்ளும். மோட்டரோலா 68000 ஒற்றைப்படை முகவரியைக் கண்டதும் முகவரிப் பிழை என்று நிறுத்திவிடும். ஸ்பார்க் செயலியில் நிரல் பஸ் எரர் என்று அங்கேயே சாகும். எங்கள் ஆர்ம் இந்த மூன்றையும் செய்யவில்லை. சத்தமில்லாமல் வேறோர் எண்ணைத் தந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால், செத்து விழும் செயலியே நல்லது. அது உடனே நம்மை எழுப்பிவிடுகிறது.

ஆனால் செயலி பொய் சொல்லவில்லை. எல்டிஆர் இப்படிச் சுழற்றும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. பொய் சொன்னது எங்கள் நிரல். சி99 தரத்தின் 6.3.2.3-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒரு பாயின்டரை வேறு வகைப் பாயின்டராக மாற்றும்போது அந்த வகைக்குரிய அலைன்மென்ட் இல்லையென்றால் விளைவு வரையறுக்கப்படாதது. படிக்கும்போது அல்ல, மாற்றும்போதே. பைட் பாயின்டரை 32 பிட் பாயின்டராக மாற்றி எழுதுகிறவர், "இந்த முகவரி நான்கால் வகுபடும், நான் பொறுப்பு" என்று கம்பைலருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். கம்பைலர் அதை நம்பி ஒற்றை எல்டிஆர் கட்டளையை எழுதுகிறது. அந்தக் கையெழுத்தை இன்டெல்லில் யாரும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பைலர் எச்சரித்திருக்கலாமே என்று கேட்கலாம். ஜிசிசியில் காஸ்ட்-அலைன் என்ற எச்சரிக்கை உண்டு. நாமே கேட்டு வாங்கினால்தான் அது வரும். பழைய கணினியில் கேட்டிருந்தாலும் பயனில்லை. இலக்குச் செயலி ஒழுங்கை வற்புறுத்தாவிட்டால் அது வாய் திறக்காது. எந்த இலக்காக இருந்தாலும் எச்சரிக்கும் கண்டிப்பான வடிவம் 2018-இல் வந்த ஜிசிசி 8-இல்தான் சேர்ந்தது. ஆர்முக்குத் தொகுக்கும்போது கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நாங்கள் கேட்கவில்லை.

கெர்னலிடம் இருந்த கணக்கு

காரணம் தெரிந்துவிட்டது. இப்படி இன்னும் எத்தனை இடம் என்பது தெரிய வேண்டும். இங்கே ஆர்ம் லினக்ஸ் ஒரு பெரிய உதவியைக் கைவசம் வைத்திருக்கிறது. ப்ராக் கோப்பகத்தில் சிபியு என்பதற்குள் அலைன்மென்ட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் பயனர் நிரல்களில் எத்தனை முறை ஒழுங்கு தவறியது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் எத்தனை முறை, அரை வேர்டில் (2 பைட்) எத்தனை, முழு வேர்டில் (4 பைட்) எத்தனை என்று வரிசையாக எண்கள் தெரியும். கடைசி வரியில் தற்போதைய நிலை: எங்கள் பலகையில் 0, "கண்டுகொள்ளாதே".

அந்தக் கோப்பில் ஓர் எண்ணை எழுதினால் நடத்தை மாறும். 1 என்றால் எச்சரிக்கை எழுது. 2 என்றால் கெர்னலே ஒட்டுவேலை செய்து சரியான எண்ணைக் கொடு. 4 என்றால் நிரலைக் கொன்றுவிடு. இவற்றைக் கூட்டியும் எழுதலாம். நாங்கள் 5 எழுதினோம்: எச்சரித்துவிட்டுக் கொல். அடுத்த நொடியே நிரல் விழுந்தது; தவறு நடந்த கட்டளையின் முகவரியும், அது தொட முயன்ற நினைவக முகவரியும் கெர்னல் பதிவில் இருந்தன. அந்தக் கட்டளை முகவரியை ஆட்ர்2லைன் என்ற கருவியிடம் கொடுத்தால் மூலநிரலின் வரி எண்ணே கிடைத்துவிடும். திருத்து, ஓட்டு, விழு, மறுபடி திருத்து. மாலைக்குள் பதினொரு இடங்களைப் பிடித்தோம்.

அன்று மதியம் ஒரு வாக்குவாதம் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். "2 என்று எழுதிவிட்டால் கெர்னலே சரிசெய்கிறதே, நிரலை ஏன் தொட வேண்டும்?" என்று ஓர் இளம் பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி; வாடிக்கையாளர் காத்திருக்கும்போது கை அங்கேதான் போகும். அன்றிரவுக்கு மட்டும் அப்படித்தான் விட்டுவைத்தோம், பட்டறைக்காரர்களுக்குச் சரியான எண் உடனே வேண்டும் என்பதற்காக. நிரந்தரத் தீர்வாக அதை நான் ஏற்கவில்லை. ஒரே கட்டளையில் முடிய வேண்டிய படிப்பு, ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய், கட்டளையைப் பிரித்துப் படித்து, பைட் பைட்டாக எடுத்துத் திரும்புகிறது. அதைவிட முக்கியம்: நிரலின் சரித்தன்மை நிரலுக்கு வெளியே, யாரோ எழுதிய ஓர் எண்ணில் தொங்குகிறது. பலகையை மாற்றும் நாளில் அந்த எண்ணை எழுத மறந்தால் மீட்டர் மறுபடி பின்னோக்கி ஓடும்.

திருத்தம், திருத்தத்துக்குள் ஒரு தவறு

முதலில் எடுத்த திருத்தம் தோற்றது. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மிகப் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மெம்காப்பி பாதுகாப்பானது என்று தெரியும். ஆகவே, ஏற்கெனவே 32 பிட் பாயின்டராக மாற்றி வைத்திருந்த மாறியை அப்படியே மெம்காப்பிக்குக் கொடுத்தோம். ஓட்டினால் அதே 763.73. எங்களுக்கு மூச்சே நின்றது.

தொகுத்துக் கிடைத்த அசெம்பிளியை, அதாவது செயலியின் கட்டளை வரிகளை, திறந்து பார்த்தபோது மெம்காப்பி அழைப்பே அங்கே இல்லை. நான்கு பைட் நகல் என்பதால் கம்பைலர் அதை உள்ளேயே விரித்துவிட்டது. எப்படி விரிப்பது என்று முடிவெடுக்க, வந்த பாயின்டரின் வகையைப் பார்த்தது. 32 பிட் பாயின்டர் என்றிருந்ததால் நான்கால் வகுபடும் என்று நம்பி, ஒற்றை எல்டிஆர் போட்டுவிட்டது. கையெழுத்தை நாங்கள் திரும்பப் பெறவில்லை. மெம்காப்பி என்ற பெயர் மட்டும் எங்களைக் காப்பாற்றாது. பைட் பாயின்டரை அந்த வடிவத்திலேயே, வழியில் எங்கும் மாற்றாமல், மெம்காப்பிவரை கொண்டுபோனபோது எண் சரியானது.

கடைசியில் நாங்கள் நிலைநிறுத்தியது மெம்காப்பியும் அல்ல. நான்கு பைட்டையும் தனித்தனியே படித்து, 8, 16, 24 பிட்டுகள் நகர்த்தி ஒன்றுசேர்க்கும் ஒரு சிறு செயற்கூறு. இதில் அலைன்மென்ட் பேச்சுக்கே இடமில்லை. பைட் வரிசை தலைகீழாக உள்ள செயலிக்குப் போனாலும் அதே விடை கிடைக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நான்காவது பைட்டை 24 பிட் நகர்த்தும் முன் அதைக் குறியற்ற 32 பிட் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சி மொழி அதைக் குறியுள்ள முழு எண்ணாக உயர்த்தி, 128-உம் அதற்கு மேலும் உள்ள பைட்டை குறி பிட்டுக்குள் தள்ளும்; மறுபடியும் வரையறுக்கப்படாத விளைவு.

பல உறுப்புகளை ஒன்றாக வைக்கும் ஸ்ட்ரக்டை இடைவெளியில்லாமல் நெருக்கிக் கட்டும் பேக்டு பண்பையும் யோசித்தோம். அந்த ஸ்ட்ரக்ட் வழியாகவே படிக்கும்வரை கம்பைலர் கவனமாகப் பைட் பைட்டாக எடுக்கும். அதற்குள் இருக்கும் ஓர் உறுப்பின் முகவரியை எடுத்து வேறொரு செயற்கூறுக்குக் கொடுத்த உடனே அந்தக் கவனம் மறைந்துவிடும். எங்கள் நிரலில் அப்படி முகவரி எடுக்கும் இடங்கள் நிறைய. விட்டுவிட்டோம்.

இதே இடமாற்றத்தில் இரண்டு சிறு தடங்கல்கள் வேறு. பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த வரலாற்றுக் கோப்பு புதிய பலகையில் இரண்டாம் பதிவிலிருந்தே குழம்பியது. ஒரு முழு எண்ணும் ஒரு டபுளும் (8 பைட் பின்ன எண்) உள்ள ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பில் கொட்டியிருந்தோம். 32 பிட் இன்டெல் லினக்ஸில் ஸ்ட்ரக்டுக்குள் டபுளுக்கு 4 பைட் ஒழுங்கு போதும். மொத்தம் 12 பைட். ஆர்மின் புதிய இஏபிஐ என்ற தரவு அமைப்பு முறையில் 8 பைட் ஒழுங்கு. நடுவே நான்கு வெற்று பைட்டுகள் சேர்ந்து 16 ஆகிவிடும். கோப்பு வடிவத்தைப் பைட் கணக்கில் எழுதிவைத்து, படிக்கும் நிரலை மாற்றினோம். இன்னொன்று ஒரு பைட் அளவுள்ள கேர் வகை. இன்டெல் லினக்ஸில் அது குறியுள்ளது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. கோப்பின் முடிவைக் குறிக்கும் -1-ஐ ஒரு கேர் மாறியில் வாங்கி ஒப்பிட்ட வளையம் ஆர்மில் முடியவே இல்லை. அங்கே அது 255 ஆகிவிடும். முழு எண் மாறியாக மாற்றியதும் தீர்ந்தது.

புதிய பலகை, பழைய பிழை

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பலகையும் ஓய்வு பெற்றது. அடுத்தது ஆர்ம் ஏழாம் பதிப்புச் செயலி. இதில் எல்டிஆர் ஒழுங்கற்ற முகவரியையும் சரியாகவே படிக்கும். "இனிக் கவலையில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய கம்பைலர் தெரிவுகளோடு தொகுத்து ஓட்டினோம். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு, செயலியில் பின்ன எண்களுக்கென்றே உள்ள வன்பொருளைப் பயன்படுத்தும்படி தெரிவை மாற்றினோம். அன்று பிற்பகலே நிரல் பஸ் எரர் என்று விழுந்தது. மறுபடி ஓடவிட்டால் சில மணி நேரம் ஓடும், மறுபடி விழும்.

விழுந்த இடம் மும்முனை மீட்டரின் பவர் ஃபேக்டரை (மின்சாரம் எவ்வளவு பயனாகிறது என்ற விகிதம்) படிக்கும் வரி. பாக்கெட்டின் 12-ஆம் இடத்தில் நான்கு பைட் ஃப்ளோட், அதாவது பின்ன எண். 12 நான்கால் வகுபடும், சிக்கல் இல்லை. மோட்டார் கிளம்பி ஒரு குப்பை பைட் முன்னால் சேர்ந்தால் 13. முன்பு இந்த ஃப்ளோட் சாதாரண எல்டிஆர் வழியாக வந்துகொண்டிருந்தது. இப்போது கம்பைலர் விஎல்டிஆர் என்ற பின்ன எண் கட்டளையைப் போட்டிருக்கிறது. அதற்கு நான்கு பைட் ஒழுங்கு கட்டாயம். ஏழாம் பதிப்பிலும் விலக்கு இல்லை. பல வேர்டுகளை ஒன்றாகப் படிக்கும் எல்டிஎம், எல்டிஆர்டி போன்ற கட்டளைகள் ஒழுங்கு தவறினால் லினக்ஸ் கெர்னல் தானே ஒட்டிக்கொடுக்கும். விஎல்டிஆருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

முதல் சுற்றில் பதினொரு இடங்களைப் பிடித்தபோது இது எப்படித் தப்பியது? அன்று மாலை முழுவதும் கம்பியில் குப்பை பைட் வரவில்லை. மோட்டார் பட்டறைக்கு விடுமுறை. ஒழுங்கு தவறாத நேரத்தில் கெர்னலுக்கும் ஒன்றும் தெரியாது. பழைய பலகையில் இந்த வரி மூன்று ஆண்டுகள் அவ்வப்போது தவறான பவர் ஃபேக்டரைப் படித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இயல்புக்கு ஒவ்வாத மதிப்பை விட்டுவிட்டு முந்தைய மதிப்பையே காட்டும்படி நிரலில் ஒரு வடிகட்டி இருந்தது. அது பிழையையும் சேர்த்து மூடியிருக்கிறது. வந்த ஒரே சரியான ரீடிங்கைத் தள்ளியதும் இதே போன்ற இன்னொரு வடிகட்டிதான்.

இதற்குப் பிறகு, தற்செயலை நம்பி இருப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு வகைப் பாக்கெட்டையும் எட்டு முறை ஓட்டும் ஒரு சோதனையை எழுதினோம்: முன்னால் குப்பை பைட் இல்லாமல் ஒருமுறை, பிறகு ஒன்று, இரண்டு என்று ஏழுவரை. எட்டிலும் ஒரே விடை வர வேண்டும். பின்னர் இதே சோதனையைச் சாதாரணக் கணினியிலேயே, கம்பைலரின் அலைன்மென்ட் கண்காணிப்பை இயக்கித் தொகுத்து ஓட்டினோம். இன்டெல் செயலி மன்னித்துவிடும் ஒவ்வொரு படிப்பையும் இது கோப்பின் பெயர், வரி எண்ணோடு சொல்லிவிடும். எத்தனை பைட் ஒழுங்கு தேவை என்பதையும் சொல்லும். பலகையே தேவையில்லை. இன்டெல் 486 காலத்திலிருந்தே செயலியின் கொடி ரெஜிஸ்டரில் இதற்கென ஒரு பிட் உண்டு, அதையும் முயன்றோம். ஆனால் சி நூலகத்தின் உள் செயற்கூறுகளே வேகத்துக்காக ஒழுங்கற்ற படிப்பைச் செய்வதால், எங்கள் பிழையை எட்டும் முன்பே நிரல் நூலகத்துக்குள் விழுந்துவிடுகிறது.

இந்தக் கண்காணிப்பு ஒரே ஓர் இடத்தைப் புதிதாகக் காட்டியது: காப்பகக் கோப்பின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் வளையம். ஒரு குறி பைட்டுக்குப் பிறகு தொடங்கும் தரவை, 16 பிட் எண்களாகக் கூட்டுகிறது. அதாவது ஒற்றைப்படை முகவரியிலிருந்து. ஆர்ம் பலகையில் இந்த நிரல் ஓடுவதே இல்லை. அலுவலகத்துக் கணினியில் மட்டும்தான். பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைக்க இருந்தோம்.

அப்போதுதான் எங்களில் ஒருவருக்கு ஒரு பழைய புகார் நினைவுக்கு வந்தது. அலுவலகத்தின் 64 பிட் கணினியில் அந்தக் காப்பக நிரலை உச்ச வேகத் தெரிவில் தொகுத்தபோதெல்லாம் செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகத்தைத் தவறாகத் தொட்ட பிழை) வந்து விழும். பிழைநீக்கி காட்டும் முகவரி 0. வெற்றுப் பாயின்டர் என்று நினைத்து வெகு நாள் தேடி, கிடைக்காமல், வேகத்தைக் குறைத்துத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் இந்த வளையம்தான். உச்ச வேகத்தில் கம்பைலர் இதை எட்டு எட்டு எண்களாகக் கூட்டும் வெக்டர் கட்டளைகளாக மாற்றுகிறது. 16-ஆல் வகுபடும் முகவரி வரும்வரை முதல் சில எண்களைத் தனியாகக் கூட்டிவிட்டு, பிறகு ஒழுங்கான முகவரியை மட்டுமே ஏற்கும் மூவ்டிகியூஏ கட்டளையைப் போடுகிறது. இரண்டு இரண்டு பைட்டாக நகர்ந்தால் ஒற்றைப்படை முகவரி ஒருநாளும் 16-ஆல் வகுபடாது. 16 பிட் பாயின்டர் இரட்டைப்படையில்தான் இருக்கும் என்று நம்பும் உரிமையை அதற்குக் கொடுத்தது எங்கள் பாயின்டர் மாற்றம். செயலி பொதுப் பாதுகாப்புப் பிழையை எழுப்புகிறது. அந்த வகைப் பிழையில் லினக்ஸுக்கு முகவரி தெரிய வராது; அதனால் 0 என்று தருகிறது. கெர்னல் பதிவைப் பார்த்திருந்தால் "ஜெனரல் புரொடெக்ஷன்" என்ற சொல் அங்கே இருந்திருக்கும்.

இரண்டு பைட் படிக்கும் அதே சிறு செயற்கூறை அங்கேயும் வைத்தோம். உச்ச வேகத்தில் தொகுத்த காப்பக நிரல் அன்றிரவு முழுக் காப்பகத்தையும் விழாமல் சரிபார்த்து முடித்தது. தையல் கூடத்து அம்மாவின் கணக்கு முதல் சுற்றிலேயே திருத்தப்பட்டுவிட்டது. தவறான நாட்களுக்கான பில்லை அவருடைய நோட்டில் இருந்த எண்களை வைத்தே போட்டோம். அந்த நோட்டின் நான்கு வரிகளும் இன்று எங்கள் எட்டு முறைச் சோதனையின் முதல் தரவாக இருக்கின்றன: 482.1, 485.0, 488.2, 490.1.